பின்னல் ஊசியும் ஒரு பிணமும்

ஹே-ஆன்-வை, இங்கிலாந்தும் வேல்ஸும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் இருக்கும் சிற்றூர். இன்று பழைய புத்தகக் கடைகளுக்காகவும் ஆண்டுதோறும் நடக்கும் இலக்கிய விழாவுக்காகவும் உலகம் முழுக்கப் பேர்பெற்றது. 1921-ல் அந்த ஊரில் இரண்டு வழக்கறிஞர்கள் எதிரெதிரே அலுவலகம் வைத்திருந்தார்கள். மூத்தவர் மேஜர் ஹெர்பர்ட் ரவுஸ் ஆம்ஸ்ட்ராங், இளையவர் ஆஸ்வால்ட் மார்ட்டின். ஒரு நிலவிற்பனை விவகாரத்தில் இருவருக்கும் உரசல். அந்த அக்டோபரில் ஆம்ஸ்ட்ராங் தன் வீட்டுக்கு மார்ட்டினைத் தேநீருக்கு அழைத்தார். வெண்ணெய் தடவிய ஸ்கோன் ஒன்றைத் தன் கையாலேயே எடுத்து, விரல் பட்டதற்கு மன்னிக்கும்படி சொல்லி, விருந்தாளிக்குக் கொடுத்தார். அன்றிரவு மார்ட்டின் வாந்தியெடுத்து ஓய்ந்துபோனார்.

சந்தேகம் முதலில் போலீசுக்கு வரவில்லை, மார்ட்டினின் மாமனாருக்கு வந்தது. அவர்தான் அந்த ஊரின் மருந்துக்கடைக்காரர். தோட்டத்துக் களைகளை அழிக்க வேண்டும் என்று சொல்லி ஆம்ஸ்ட்ராங் தன் கடையில் ஆர்சனிக் வாங்கியது அவர் நினைவில் இருந்தது. சில வாரங்களுக்கு முன் மருமகன் வீட்டுக்குப் பேர் ஊர் இல்லாமல் ஒரு சாக்லெட் பெட்டி வந்ததும், அதைத் தின்ற உறவுக்காரப் பெண்ணுக்கு உடம்புக்கு வந்ததும் நினைவுக்கு வந்தன. அவர் மருத்துவரிடம் சொன்னார். மார்ட்டினின் சிறுநீர் மாதிரி லண்டனுக்குப் போனது. சோதனையில் ஆர்சனிக் இருந்தது. போலீஸ் சத்தமில்லாமல் விசாரித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் ஆம்ஸ்ட்ராங் திரும்பத் திரும்பத் தேநீருக்கு அழைக்க, மார்ட்டின் ஒவ்வொரு முறையும் புதுச் சாக்கு தேடித் தப்பித்தார். ஆண்டின் கடைசி நாளில் கைது. பிப்ரவரியில் இறந்துபோன ஆம்ஸ்ட்ராங்கின் மனைவியின் உடலைத் தோண்டியெடுத்தபோது அதிலும் ஆர்சனிக் ஏராளமாக இருந்தது. மனைவியைக் கொன்றதாகத் தீர்ப்பாகி, 1922 மே 31 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். பிரிட்டனில் கொலைக்காகத் தூக்கேறிய வழக்கறிஞர் அவர் ஒருவர்தான். அவர் நிரபராதி என்று வாதிடுவோர் இன்றும் இருக்கிறார்கள்.

சின்ன ஊர், தேநீர் நேரம், வெண்ணெய் தடவிய பலகாரம், களைக்கொல்லி வாங்கிய கணக்கு, யார் எதை எப்போது வாங்கினார்கள் என்பதை மறக்காத ஓர் உள்ளூர்க்காரர். ‘கோஸி மிஸ்டரி’ என்று பதிப்பாளர்கள் அழைக்கும் இலகுவான துப்பறியும் நாவலுக்கு வேண்டிய எல்லாமே இந்த வழக்கில் இருக்கின்றன. கொலை உண்டு, ஆனால் ரத்தம் தெறிப்பதில்லை. பயம் உண்டு, ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும் பயம் இல்லை. துப்பு துலக்குபவர் ஸ்காட்லாந்து யார்டு அதிகாரியாக இருக்கத் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் போதும். இந்த வகை நாவலை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது எளிது. அதன் வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தள்ள மனம் வராது. இது யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத மனிதர்களின் கண்ணுக்கும் அறிவுக்கும் மரியாதை செய்த இலக்கியம். அதன் கவர்ச்சியின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

அது பிறந்த இடம் ஒரு போர்க்கால மருந்தகம்.

முதல் உலகப் போர் மூண்டபோது அகதா கிறிஸ்டி, இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் உள்ள டார்க்கீ நகரத்துப் பெண். நகர மன்றக் கட்டடத்தையே மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அங்கே காயம்பட்ட வீரர்களுக்குத் தன்னார்வச் செவிலியாக வேலை பார்த்தார். பிறகு மருந்து கலக்கும் பிரிவுக்கு மாறினார். அதற்கான தேர்வையும் 1917-ல் எழுதித் தேறினார். அலமாரி நிறைய நஞ்சு. எந்த மருந்து எந்த அளவில் உயிர் காக்கும், எந்த அளவில் உயிர் எடுக்கும் என்ற கணக்கு நாள்தோறும் கைக்குள். வேலை குறைந்த நேரங்களில் அங்கேதான் ஒரு துப்பறியும் கதையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். உன்னால் அப்படியொரு கதை எழுத முடியாது என்று அக்கா மேட்ஜ் முன்பு சீண்டியதும் மனதில் இருந்தது. ஜெர்மானியப் படைக்குத் தப்பி டார்க்கீக்கு வந்திருந்த பெல்ஜிய அகதிகளைப் பார்த்து, தன் துப்பறிவாளரையும் ஒரு பெல்ஜிய அகதியாக்கினார். அவர்தான் ஹெர்க்யூல் பொய்ரோ. 1916-ல் எழுதிய அந்த நாவலைப் பதிப்பாளர்கள் சிலர் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ 1920-ல் அமெரிக்காவிலும், 1921 ஜனவரியில் இங்கிலாந்திலும் வெளிவந்தது. நஞ்சைப் பற்றிய தகவல்கள் பிசகில்லாமல் இருக்கின்றன என்று மருந்தாளுநர்களின் தொழில் இதழ் பாராட்டியது. தனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே அதை அவர் மிகவும் பெரிதாக நினைத்தார்.

அந்தப் போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். பல்லாயிரம் பேருக்குக் கல்லறையே கிடையாது. பெல்ஜியத்தின் ஈப்ர் நகரில் 1927-ல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில், புதைத்த இடம் தெரியாத 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் மட்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மகன் எங்கே, எப்படி, யாரால் இறந்தான் என்று எந்தத் தாயும் கேட்க முடியாத காலம். அந்தக் காலத்து வாசகர்களுக்கு ஒரே ஒரு சாவுக்காக ஊரே வேலையை நிறுத்திவிட்டு நிற்கும் கதை என்ன ஆறுதல் தந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். யார் கடைசியாகப் பார்த்தது, எத்தனை மணிக்கு, கதவு திறந்திருந்ததா, கோப்பையில் என்ன இருந்தது என்று அங்கே எல்லாமே விசாரிக்கப்படுகிறது. எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கிறது. இறந்தவர் எண்ணிக்கையில் கரைந்துபோவதில்லை. இரு போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகள் ஆங்கிலத் துப்பறியும் நாவலின் பொற்காலம் ஆனதற்கு இது முக்கியமான காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

போர் இன்னொன்றையும் விட்டுச்சென்றது. 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஆண்களைவிடப் பெண்கள் 17 லட்சத்துக்கும் மேல் அதிகம். பத்திரிகைகள் இவர்களை ‘உபரிப் பெண்கள்’ என்றே எழுதின. இவர்களை என்ன செய்வது, குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பிவிடலாமா என்றெல்லாம் விவாதம் நடந்தது. மணமாகாத பெண், வாழ்க்கைச் செலவுக்கு அல்லாடும் பெண், அண்ணன் வீட்டு மாடி அறையில் தங்கிக்கொள்ளும் அத்தை. இவர்களை நாடே ஒரு சுமையாகப் பார்த்தபோது துப்பறியும் எழுத்தாளர்கள், அதிலும் பெண் எழுத்தாளர்கள், வேறு மாதிரி பார்த்தார்கள்.

டாரதி சேயர்ஸ் 1927-ல் எழுதிய ‘அன்னேச்சுரல் டெத்’ நாவலில் மிஸ் கிளிம்ப்ஸன் என்ற பாத்திரம் அறிமுகமாகிறார். வயதான, மணமாகாத, வாய் ஓயாமல் பேசும் பெண். துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்சி அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறார். போலீஸ்காரர் ஊருக்குள் நுழைந்து கேள்வி கேட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்; ஒரு முதிய பெண் பின்னல் பையோடு வந்து விடுதி அறையில் உட்கார்ந்து வம்பு பேசினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இத்தனை அறிவையும் ஆர்வத்தையும் நாடு வீணடிக்கிறதே என்று விம்சி நேரடியாகவே ஆதங்கப்படுகிறார். 1930-ல் வந்த ‘ஸ்ட்ராங் பாய்சன்’ நாவலில் சேயர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு பெண் எழுத்தாளர் மீது கொலை வழக்கு. நீதிமன்றம் முழுக்க அவர் குற்றவாளி என்றே நம்புகிறது. ஜூரியில் இருக்கும் மிஸ் கிளிம்ப்ஸன் ஒப்புக்கொள்ள மறுத்துப் பிடிவாதமாக இருக்கிறார், ஒருமித்த முடிவு கிடைக்காமல் போகிறது. அந்தப் பிடிவாதத்தால்தான் ஓர் உயிர் தூக்கிலிருந்து தற்காலிகமாகத் தப்புகிறது, கதையும் நகர்கிறது. பிரிட்டனில் பெண்கள் ஜூரியில் உட்காரச் சட்டம் வழிவிட்டது 1919-ல்தான். பத்தே ஆண்டுகளில் சேயர்ஸ் அந்த உரிமையைக் கதையின் அச்சாணியாக்கிவிட்டார்.

இந்த வழியில் முதலில் நடந்தவர் ஓர் அமெரிக்கர். அன்னா கேதரீன் கிரீன் 1897-லேயே அமீலியா பட்டர்வொர்த் என்ற வசதியான, மணமாகாத, மூக்கை நுழைக்கும் சீமாட்டியைத் துப்பறிய வைத்தார். 1928-ல் பாட்ரிசியா வென்ட்வொர்த், ஆசிரியப் பணியிலிருந்து விலகித் தனியார் துப்பறிவாளராக மாறிய மிஸ் சில்வரைக் கொண்டுவந்தார். ஆனால் உலகின் நினைவில் நிலைத்தவர் மிஸ் மார்ப்பிள்தான்.

ஜேன் மார்ப்பிள் முதலில் தோன்றியது 1927 டிசம்பரில், ‘தி ராயல் மேகஸின்’ இதழில் வந்த ஒரு சிறுகதையில். அந்தத் தொடக்கக் காட்சி நின்று பார்க்கத் தக்கது. மார்ப்பிள் வீட்டுக் கூடத்தில் சிலர் கூடியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் ஆணையர், ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஓர் ஓவியர், எழுத்தாளரான மருமகன் ரேமண்ட் வெஸ்ட். விடை தெரியாத மர்மம் ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்லி, மற்றவர்கள் விடை காண வேண்டும் என்று முடிவாகிறது. ஓவியப் பெண் எத்தனை பேர் என்று எண்ணுகிறார். ஐந்து பேர் என்கிறார். தன்னை விட்டுவிட்டாயே என்று பின்னிக்கொண்டிருக்கும் மார்ப்பிள் சிரித்தபடி நினைவூட்டுகிறார். வீட்டுக்காரரையே எண்ண மறந்துவிட்டார்கள்! அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மர்மத்துக்கும் சரியான விடையைச் சொல்வது அவர்தான். அந்த ஒரு காட்சியிலேயே கிறிஸ்டி தன் பாத்திரத்தின் முழு இயல்பையும் வைத்துவிட்டார்.

மார்ப்பிள் பிறந்ததற்கு ஒரு மனத்தாங்கலும் காரணம். 1926-ல் வந்த ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்டு’ நாவலில் ஊர் மருத்துவரின் அக்கா கரோலின் ஷெப்பர்டு என்ற முதிர்ந்த பெண் வருகிறார். வீட்டைவிட்டு வெளியே போகாமலே ஊர்ச் செய்தி அத்தனையையும் பால்காரர், வேலைக்காரப் பெண் வழியாகத் தெரிந்துகொள்வார். கிறிஸ்டிக்கு அவர் மேல் தனிப் பிரியம். நாவலை ‘அலிபை’ என்ற பெயரில் நாடகமாக்கியபோது, கரோலினை எடுத்துவிட்டு இளம்பெண் ஒருத்தியைப் போட்டார்கள். மேடைக்கு இளமை வேண்டும், காதல் வேண்டும் என்ற கணக்கு. அதனால் தனக்கு ஏற்பட்ட வருத்தத்திலிருந்துதான் மார்ப்பிள் பிறந்திருக்க வேண்டும் என்று கிறிஸ்டி தன் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். நாடகம் அரங்கேறியது 1928 மே மாதம், மார்ப்பிளின் முதல் கதை அதற்குச் சில மாதங்கள் முந்தியது. தேதிகள் சற்று முன்பின் ஆனாலும் அந்த மனத்தாங்கல் உண்மை. கதையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு முதிய பெண்ணுக்கு அவர் வேறொரு வீடு கட்டிக்கொடுத்தார். அந்தப் பாத்திரத்தில் ஈலிங்கில் இருந்த பாட்டியின் சாயலும் அவருடைய தோழிகளின் சாயலும் உண்டு. பாட்டி கலகலப்பானவர்தான், ஆனால் யாரைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்ப்பார். பெரும்பாலும் அதுவே நடக்கும்.

1930-ல் ‘தி மர்டர் அட் தி விகரேஜ்’ வந்தது. மார்ப்பிளின் முதல் நாவல். பாதிரியாரின் படிப்பறையில் ஒரு கர்னல் சுடப்பட்டுக் கிடக்கிறார். செயின்ட் மேரி மீட் என்ற அந்தக் கற்பனைச் சிற்றூரில் தோட்டத்தில் களை பறிப்பதும், தொலைநோக்கியில் பறவை பார்ப்பதும் மார்ப்பிளுக்குப் பொழுதுபோக்கு. அந்தச் சாக்கில் தெருவில் போகிற வருகிறவர்கள் அத்தனை பேரும் அவர் பார்வைக்குள் வந்துவிடுவார்கள். அவருடைய முறை எளியது. ஒரு பெரிய மனிதரின் நடத்தையைப் பார்த்ததும், மீன்கடைப் பையனோ வேலைக்காரப் பெண்ணோ என்றோ செய்த சில்லறைத் தில்லுமுல்லு அவருக்கு ஞாபகம் வரும். மனித இயல்பு எங்கும் ஒன்றுதான். சின்ன ஊரில் அதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க முடிகிறது என்பது அவர் கொள்கை. காலடித் தடத்தையும் சிகரெட் சாம்பலையும் ஆராய்ந்த ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வேதியியல் தேவைப்பட்டது. மார்ப்பிளுக்குத் தேவைப்பட்டது எழுபது வருஷத்து ஊர் ஞாபகம். வம்புப் பேச்சு என்று இகழப்பட்ட ஒன்றை அறிவின் சேமிப்பாக மதித்துக் காட்டியதுதான் கிறிஸ்டி செய்த பெரிய காரியம்.

அதே 1930-ல் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் ‘டிடெக்‌ஷன் கிளப்’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். முதல் தலைவர் ஜி.கே. செஸ்டர்டன். புது உறுப்பினர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு மண்டையோட்டின் மேல் கைவைத்து உறுதிமொழி எடுக்க வேண்டும். அந்த மண்டையோட்டுக்கு எரிக் என்று பெயர். தெய்வ வாக்கையோ தற்செயலையோ பெண்களின் உள்ளுணர்வையோ வைத்து மர்மத்தை அவிழ்க்க மாட்டேன், முக்கியத் தடயம் எதையும் வாசகரிடமிருந்து மறைக்க மாட்டேன் என்பது அந்த உறுதிமொழியின் சாரம். சடங்கு வேடிக்கையானது, அதன் பின்னால் இருந்த நேர்மை வேடிக்கையானதல்ல. துப்பறிவாளர் பார்த்ததை எல்லாம் வாசகரும் பார்த்திருக்க வேண்டும். மீனவருக்கோ தையல்காரருக்கோ பேராசிரியருக்கோ சமமான வாய்ப்பு இருக்க வேண்டும். மார்ப்பிளிடம் இருப்பது உள்ளுணர்வு என்று மற்ற பாத்திரங்கள் சொல்வார்கள். உண்மையில் அவர் கவனித்ததையெல்லாம் நமக்கும் காட்டியிருப்பார். நாம்தான் கிழவி ஏதோ பேசுகிறாள் என்று அசட்டையாகத் தாண்டியிருப்போம்.

இந்த நாவல்கள் வாசகரை எட்டிய விதத்துக்கும் ஒரு கதை உண்டு. நாட்டிங்ஹாமின் பூட்ஸ் மருந்துக்கடை நிறுவனத்தை நடத்திய ஜெஸி பூட்டின் மனைவி ஃபுளோரன்ஸ் பூட், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடைகளுக்குள்ளேயே வாடகை நூலகம் ஒன்றைத் தொடங்கினார். சந்தா கட்டிப் புத்தகம் எடுத்துப் போகலாம். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கிளைகள். புத்தகப் பகுதி பெரும்பாலும் கடையின் உள்பக்கத்திலோ மாடியிலோ இருக்கும். சோப்பு, மருந்து எல்லாம் கடந்துதான் போக வேண்டும். இருமல் மருந்து வாங்கப் போகும் பெண்கள் கையோடு ஒரு துப்பறியும் நாவலும் எடுத்து வந்தார்கள். நஞ்சும் நாவலும் ஒரே கூரையின் கீழ்! 1966 வரை அந்த நூலகங்கள் இயங்கின. சொந்தமாகப் புத்தகம் வாங்க வசதியில்லாதவர்களுக்குத் தெருமுனைக் கடைகளில் இரண்டு பென்னிக்கு வாடகைப் புத்தகம் கிடைத்தது. 1935-ல் பதிப்பாளர் ஆலன் லேன் ஆறு பென்ஸ் விலையில் பென்குயின் நூல்களைக் கொண்டுவந்தபோது முதல் பத்து நூல்களில் கிறிஸ்டியின் முதல் நாவலும் சேயர்ஸின் ஒரு நாவலும் இருந்தன. துப்பறியும் நூலுக்குப் பச்சை அட்டை. ஒரு சிகரெட் பெட்டியின் காசுக்கு ஒரு நாவல். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, சுரங்க ரயில் நிலையங்களில் பதுங்கியவர்களுக்காகவும் நூலகங்கள் திறக்கப்பட்டன. பெத்னல் கிரீன் நிலையத்துச் சுரங்கத்தில் இயங்கியது அவற்றில் பேர்பெற்றது. அந்தப் போரிலும் கிறிஸ்டி லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தார். தான் குண்டுக்கு இரையாகிவிட்டால் குடும்பத்துக்கு உதவட்டும் என்று, பொய்ரோவின் கடைசி நாவலையும் மார்ப்பிளின் நாவல் ஒன்றையும் எழுதிப் பத்திரப்படுத்தினார். அவை 1975-லும் 1976-லும்தான் வெளிவந்தன.

எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-ல் எழுதிய கட்டுரையில் இந்த ஆங்கிலேய நாவல்களை உயிரற்ற புதிர் என்று சாடினார். கொலை தெருவில் நடக்கிறது, காசுக்காகவும் வெறிக்காகவும் நடக்கிறது, பாதிரியார் தோட்டத்தில் அல்ல என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு விமர்சகர் எட்மண்ட் வில்சன், ரோஜர் ஆக்ராய்டை யார் கொன்றால் என்ன என்று தலைப்பிலேயே கேட்டார். சாண்ட்லர் பெரிய கலைஞர். ஆனாலும் ஆம்ஸ்ட்ராங் வழக்கை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது பாதி உண்மைதான். அமைதியான வீடுகளுக்குள்ளும் கொலை நடந்திருக்கிறது. அதைக் கவனித்ததும் வீட்டு மனிதர்கள்தான். கவிஞர் டபிள்யூ.எச். ஆடன் 1948-ல் எழுதிய கட்டுரை இந்த வாசிப்பைச் சரியாகப் புரிந்துகொண்டது. புகையிலைபோல இது தன்னைப் பிடித்து ஆட்டும் பழக்கம் என்று ஒப்புக்கொண்ட அவர், கதை ஆங்கிலேய நாட்டுப்புறத்தில் நடக்காவிட்டால் தனக்குப் படிப்பதே மிகக் கடினம் என்றார். இடம் எந்த அளவுக்கு நல்லதோ அந்த அளவுக்குப் பிணம் அங்கே பொருந்தாமல் உறுத்தும். அந்த உறுத்தல் நீங்கி ஊர் மறுபடி தூய்மை அடைவதைக் காண்பதற்கே வாசகர் கடைசிப் பக்கம் வரை போகிறார் என்பது அவர் பார்வை.

இந்த நாவல்களுக்குக் குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. யூதர்களையும் வெளிநாட்டவரையும் இழிவாகப் பேசும் வரிகள் அந்தக் காலத்து நூல்களில் சாதாரணமாக வருகின்றன. 1939-ல் வந்த கிறிஸ்டியின் புகழ்பெற்ற தீவு நாவல் கறுப்பினத்தவரை இழிவுசெய்யும் தலைப்போடு பிரிட்டனில் பல பத்தாண்டுகள் விற்பனையானது. அமெரிக்கப் பதிப்பு 1940-லேயே பெயரை மாற்றிக்கொண்டது. வேலைக்காரர்கள் பல நாவல்களில் தேநீர்த் தட்டை ஏந்தி வந்து போகும் நிழல்கள் மட்டுமே. ஆனால் 1953-ல் கிறிஸ்டி எழுதிய ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ நாவலைப் படித்தவர்கள் கிளாடிஸை மறக்க மாட்டார்கள். அநாதை விடுதியிலிருந்து வந்த அப்பாவிப் பெண், பணக்கார வீட்டில் வேலைக்காரி. கொலையாளி அவளையும் கொன்று, துணிக் கிளிப்பை அவள் மூக்கில் மாட்டிவிட்டுப் போகிறான். பணக்காரர் இறந்தபோது பத்திரிகை எழுதியது, போலீஸ் வந்தது. கிளாடிஸுக்காக வந்தது மார்ப்பிள் மட்டும்தான். அவளுக்கு ஒருகாலத்தில் வீட்டு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தக் கிளிப்பில் இருந்த அவமதிப்பு அவருக்குப் பொறுக்கவில்லை. சாந்தமான அந்தக் கிழவியின் கோபம் நாவல் முழுக்க எரிகிறது. இலகுவான துப்பறியும் கதைக்குள் இவ்வளவு அறச்சீற்றம் அடங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

1984-ஆம் ஆண்டு முதிய பெண் துப்பறிவாளர்களுக்கு நல்ல ஆண்டு. செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘மர்டர், ஷி ரோட்’ தொடங்கியது. டிசம்பரில் பி.பி.சி.யில் ஜோன் ஹிக்ஸன் மிஸ் மார்ப்பிளாக வந்தார். ஹிக்ஸனுக்கு அப்போது வயது 78. அவர் நடிப்பை 1940-களில் மேடையில் பார்த்த கிறிஸ்டி, என்றாவது ஒருநாள் என் மார்ப்பிளாக நீங்கள் நடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த ஆசை கிறிஸ்டி இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து நிறைவேறியது. 1992-க்குள் பன்னிரண்டு மார்ப்பிள் நாவல்களிலும் ஹிக்ஸன் நடித்து முடித்தார்.

அமெரிக்கத் தொடரின் நாயகி ஜெஸிகா ஃபிளெட்சர், கணவரை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. பொழுதுபோக்காக எழுதிய துப்பறியும் நாவல் திடீரென்று புகழ்பெற்றுவிட, எழுத்தாளராகிறார். மேய்ன் மாநிலத்தின் காபட் கோவ் என்ற கடலோரக் கற்பனை ஊரில் சைக்கிளில் சுற்றிவருவார். ஏஞ்சலா லான்ஸ்பரி அதில் பன்னிரண்டு ஆண்டுகள், 264 பகுதிகளில் நடித்தார். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் குடும்பங்கள் காத்திருந்து பார்த்த தொடர். விளம்பரதாரர்களுக்கு இளவயதுப் பார்வையாளர்கள்தான் வேண்டும். இந்தத் தொடரைப் பார்ப்பவர்களோ பெரும்பாலும் வயதானவர்கள். 1995-ல் தொடரை வியாழக்கிழமைக்கு மாற்றி, இளைஞர்கள் விரும்பிய ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடருக்கு எதிரே நிறுத்தினார்கள். பார்வையாளர்கள் குறைந்தார்கள், அடுத்த மே மாதத்தில் தொடர் முடிந்தது. கடைசிப் பகுதிக்குப் படைப்பாளிகள் வைத்த தலைப்பு, ‘மக்கள்தொகைக் கணக்கால் மரணம்’ என்ற பொருள் தருவது. முதியவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடும் பழக்கம் 1927-ஆம் ஆண்டு ஓவியப் பெண்ணோடு முடிந்துவிடவில்லை.

ஆனாலும் வாசகர்கள் விடவில்லை. அமெரிக்காவில் இந்த வகை எழுத்துக்காகவே 1989-ல் ‘மாலிஸ் டொமஸ்டிக்’ என்ற ஆண்டு மாநாடு தொடங்கியது; அங்கே தரப்படும் அகதா விருது ஒரு தேநீர்க் கெண்டி. சமையல்காரர், பேக்கரி நடத்துபவர், நூலகர், பூனை வளர்ப்பவர் என்று துப்பறிவாளர்கள் பெருகினார்கள். நாவலின் இடையிலேயே சமையல் குறிப்பு தருவதும் வழக்கமானது. இவற்றில் பல, அளவெடுத்து வார்த்த பண்டங்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1998-ல் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் இந்த வகையை ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவுக்குக் கொண்டுபோனார். அவருடைய பிரெஷியஸ் ராமோட்ஸ்வே, சுரங்கத்தில் உழைத்து நுரையீரல் கெட்டு இறந்த தந்தை விட்டுச்சென்ற மாடுகளை விற்றுத் துப்பறியும் நிறுவனம் தொடங்குகிறார். அவரிடம் வரும் வழக்குகளில் கொலை அரிது. காணாமல்போன கணவன், பொய் சொல்லும் மகள், ஏமாற்றும் உறவினர் போன்ற வீட்டுக் கவலைகளே அதிகம். 2020-ல் ரிச்சர்ட் ஓஸ்மன், தன் தாய் வாழ்ந்த முதியோர் குடியிருப்பைப் பார்த்த அனுபவத்திலிருந்து ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’ எழுதினார். நான்கு ஓய்வூதியர்கள் வாரந்தோறும் கூடிப் பழைய கொலை வழக்குகளை ஆராய்கிறார்கள். கொரோனா காலத்தில் வந்த அந்த நாவல் பிரிட்டனில் விற்பனையின் உச்சிக்குப் போனது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சுவை புதிதல்ல. 1940-களில் தேவன் ‘ஆனந்த விகட’னில் எழுதிய துப்பறியும் சாம்பு இதே குடும்பத்தைச் சேர்ந்தவர்தான். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து, அசடு என்று பேர் வாங்கி, வேலையும் போன ஆள். யாரும் மதிக்காத அந்த மனிதர் எங்கோ தடுக்கி விழுவார், அங்கே திருடன் இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்து நிற்பார். மார்ப்பிள் கவனித்துக் கண்டுபிடிக்கிறார், சாம்பு தற்செயலாகக் கண்டுபிடிக்கிறார். டிடெக்‌ஷன் கிளப் உறுதிமொழியின்படி சாம்புவுக்கு உறுப்பினர் தகுதி கிடைக்காது. ஆனால் சாம்புவையும் அவர் மனைவி வேம்புவையும் தங்கள் வீட்டு மனிதர்களாகவே தமிழ்நாடு ஏற்றுக்கொண்டது. காத்தாடி ராமமூர்த்தி தூர்தர்ஷனில் சாம்புவாக வந்தபோது அந்தப் பிரியம் இன்னொரு தலைமுறைக்கும் போனது.

சாம்புவுக்குப் பின் தமிழ்த் துப்பறியும் கதை வேறு பாதையில் வேகமெடுத்தது. சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி என எல்லோரும் இளமையும் தொழில்திறமையும் கொண்டவர்கள். அவர்களால் தமிழ் வாசிப்பு பெருகியது. அந்த வரிசையில் ஒரு முதிய பெண்ணுக்கு இடம் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வாசல் பெஞ்சில் மாலையில் வந்து உட்காரும் அம்மாக்களுக்கு, தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வந்தது, மூன்றாம் மாடி வீட்டுக்கு யார் வந்துபோனார்கள், எந்த வீட்டில் இரண்டு நாளாகப் பால் பாக்கெட் எடுக்கப்படவில்லை என்பதெல்லாம் தெரியும். எழுதுகிறவர்கள் ஒரு மாலை அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர்களில் ஒருவரைத் துப்பறிவாளராக்கி ஒரு நல்ல நாவல் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கும் வாசகர்கள் நிறைய இருக்கிறார்கள்.